பூனைக்குட்டி வீட்டுக்கு வந்தாச்சு, இனி என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊரில் பூனைக்குட்டியைப் பெரும்பாலும் யாரும் வாங்கி வருவதில்லை. அதுவாகவே வந்து சேர்கிறது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்தோ, மழையில் ஒதுங்கிய ஸ்கூட்டரின் என்ஜின் சந்திலிருந்தோ ஒரு கத்தல் கேட்கும். அன்று இரவே அது வீட்டுப் பிள்ளையாகிவிடும். அப்படி வந்த குட்டிகளைத் தேற்றி நல்ல வீடுகளில் சேர்க்கும் வேலையைச் சென்னையில் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். குட்டியைக் கொண்டுபோனவர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தின் அளவை உங்கள் கால்நடை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

தெருவில் ஒரு குட்டி தனியாகக் கத்துகிறது. உடனே எடுத்து வந்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று பாட்டிகள் சொல்வது சும்மா இல்லை. தாய் ஒவ்வொரு குட்டியாகத்தான் கவ்விக்கொண்டு போகும். நீங்கள் பார்க்கும் குட்டி, அடுத்த நடைக்காகக் காத்திருக்கும் குட்டியாக இருக்கலாம். குட்டியின் உடம்பு சுத்தமாக, வயிறு உருண்டையாக இருந்தால் தாய் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. தூரமாகப் போய் நின்று மூன்று நான்கு மணி நேரம் பாருங்கள். நீங்கள் கிட்டே நின்றால் அது வராது.

குட்டி நனைந்து சில்லிட்டிருந்தாலோ, எறும்பு மொய்த்தாலோ, காயம் இருந்தாலோ, நாய்கள் சுற்றினாலோ காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. தொட்டுத் தூக்கி ஓரமாக வைத்த குட்டியைத் தாய் வந்து கவ்விக்கொண்டு போனதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

அதற்கு எத்தனை நாள் வயது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண் மூடியிருந்தால் பிறந்து பத்து நாளுக்குள் இருக்கும். கண் திறந்து, தள்ளாடி நடந்தால் மூன்று வாரம். வாயைத் திறந்து பாருங்கள், முன்பக்கம் அரிசி நுனி போலப் பல் முளைத்திருந்தால் மூன்று நான்கு வாரம். எல்லாக் குட்டிக்கும் முதலில் கண் நீலமாகத்தான் இருக்கும். அந்த நீலம் மாறி மஞ்சளோ பச்சையோ தெரிய ஆரம்பித்தால் ஆறு ஏழு வாரம் ஆகிவிட்டது. தாயோடு இருக்கும் குட்டி என்றால் எட்டு வாரம் வரை பிரிக்காதீர்கள். கடிக்கிற விளையாட்டில் எவ்வளவு அழுத்தலாம் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் அது கற்றுக்கொள்கிறது. தனியாக வளர்ந்த குட்டிகள் கையை மென்று எடுப்பதற்கு இதுதான் காரணம்.

கண்கூடத் திறக்காத குட்டி கிடைத்திருக்கிறது. பால் கொடுக்கலாமா?

முதலில் சூடு, பிறகுதான் பால். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இந்த வயதில் குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு சில்லிட்டிருக்கும்போது பால் இறங்கினால் செரிக்காது, உயிருக்கே ஆபத்து. அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்க வேண்டும்.

பால் என்றால் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடர். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். மூன்று வாரம் வரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் கொடுக்க வேண்டும். குட்டி தாயிடம் குடிப்பது போலக் குப்புறவே இருக்கட்டும். கைக்குழந்தை போல மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். பாலாடையில் ஊற்றுவதும் இதே காரணத்தால் வேண்டாம். சின்ன பாட்டிலோ ஊசி இல்லாத சிரிஞ்சோ போதும், சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள்.

அப்புறம் பலர் மறந்துவிடும் ஒன்று. இந்த வயதில் குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவிவிடுங்கள்.

முதல் நாள் வீட்டில் எங்கே வைப்பது?

ஒரே ஒரு அறையில். வீடு முழுக்கத் திறந்துவிட்டால் குட்டி நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நீங்கள் டார்ச் அடித்துக்கொண்டு தரையில் படுத்திருக்க வேண்டியதுதான். சின்ன அறையாக, ஆள் நடமாட்டம் குறைவாக இருந்தால் நல்லது. ஒரு மூலையில் சாப்பாடு, தண்ணீர். எதிர் மூலையில் மலசலம் கழிக்க மணல் தட்டு. நடுவில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள்.

அது பெட்டிக்குள் போனால் இழுக்காதீர்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்து புத்தகமோ ஃபோனோ பார்த்துக்கொண்டிருங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம். கண்ணில் கண் பட்டால் மெதுவாக இமையை மூடித் திறங்கள். பூனைகளுக்குள் அது பயமில்லை என்பதற்கான அடையாளம். முதலில் மூக்கு வெளியே வரும், அப்புறம் ஒரு கால். உங்கள் முழங்காலை ஒரு முறை முகர்ந்துவிட்டு மறுபடி உள்ளே ஓடும். அடுத்த முறை இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். சில குட்டிகளுக்கு இதற்கு அரை மணி நேரம் ஆகும், சிலவற்றுக்கு ஒரு வாரம். இரண்டு மாதத்துக்குள் மனிதக் கை பழகாத குட்டி என்றால் இன்னும் கூடுதலாகப் பொறுமை வேண்டும். வால் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டால் அடுத்த அறையைத் திறந்துவிடலாம்.

சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். குழந்தைகளிடம், "அதுவாக வந்தால்தான் தொடணும்" என்று சொல்லி வையுங்கள்.

ராத்திரி முழுக்கக் கத்துகிறதே?

நேற்றுவரை கூடப்பிறந்தவற்றின் மேல் குவியலாகப் படுத்துத் தூங்கிய உயிர் அது. நீங்கள் போட்டுக் கழற்றிய, துவைக்காத பனியனையோ புடவைத் துண்டையோ படுக்கையில் வையுங்கள். தூங்கும் முன் கால் மணி நேரம் ஓடவிட்டு விளையாடி, உடனே வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள். மூன்று நான்கு நாளில் அடங்கிவிடும்.

பசும்பால்?

வேண்டாம். பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை பெரும்பாலான குட்டிகளுக்குச் செரிக்காமல் பேதியாகும். அரைக் கிலோகூட இல்லாத உடம்பில் ஒரு நாள் பேதி என்பது பெரிய விஷயம். தண்ணீர் கலந்து கொடுத்தாலும் அதே கதைதான்.

சாப்பாடு என்ன கொடுக்கலாம்? எங்கள் வீட்டில் சைவம். தயிர்சாதம் நன்றாகச் சாப்பிடுகிறதே?

சாப்பிடும், பசிக்கிறது அல்லவா? ஆனால் அதில் அது வளராது. பூனையின் உடம்பு இறைச்சிக்கென்றே அமைந்தது. டாரின் என்ற சத்தைப் பூனையால் தன் உடம்புக்குள் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, சோற்றிலோ பருப்பிலோ இல்லை. டாரின் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடினால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்து பலவீனமாகும். டாரின் குறைவால் பூனைக்கு இதயநோய் வருவது 1987-இல்தான் ஆய்வில் தெளிவானது. அதன் பிறகு பூனை உணவில் அதைக் கூடுதலாகச் சேர்த்தார்கள், அந்த நோயும் வெகுவாகக் குறைந்தது.

வீட்டில் அசைவம் சமைக்க மாட்டீர்கள் என்றால் அதில் தவறே இல்லை. கடையில் 'கிட்டன்' என்று போட்டு விற்கும் தீவனத்தை வாங்கிக் கொடுங்கள். ஒரு வயது வரை பெரிய பூனையின் தீவனம் வேண்டாம், நாய்த் தீவனம் கூடவே கூடாது. உலர் தீவனம் என்றால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். பூனைகள் தாமாகத் தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. அதுவும் நம் ஊர் சித்திரை வெயிலில் ஈரமான உணவு மிகவும் நல்லது.

வீட்டில் சமைத்துத் தருபவர்கள் கோழியோ மீனோ உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். ஆனால் வளரும் குட்டிக்கு வெறும் கறி மட்டும் போதாது. கறியில் கால்சியம் மிகக் குறைவு. "தினம் சிக்கன்தான் போடுறோம், ராஜா மாதிரி வளருது" என்று சொன்ன ஒரு வீட்டில், குட்டி கட்டிலிலிருந்து குதித்ததில் பின்னங்கால் முறிந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு இருக்கிற இடமே மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவு பாசமாக வளர்த்தவர்கள் கலங்கி நின்றதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. கறியும் மீனும் கூடுதலாக இருக்கட்டும், அடிப்படை உணவு குட்டித் தீவனமாக இருக்கட்டும். பச்சை மீனை வழக்கமாகப் போடாதீர்கள். சில மீன்களில் இருக்கும் ஒரு நொதி தயாமின் (வைட்டமின் பி1) சத்தை அழித்துவிடும்.

நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, பிறகு மூன்று, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு. வயிறு சின்னது, அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக.

குட்டி நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லோருக்கும் நான் சொல்லும் ஒரே விஷயம், எடை பாருங்கள். பூனை உடம்பு சரியில்லாததைக் கடைசிவரை மறைக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் தராசுக்குத் தெரிந்துவிடும். சமையலறையில் மாவு அளக்கும் டிஜிட்டல் தராசு போதும். மேலே ஒரு டப்பாவை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, குட்டியை அதில் உட்கார வையுங்கள். முதல் நாள் குதித்து ஓடும். ஒரு துண்டு தீவனத்தை டப்பாவுக்குள் போட்டுப் பழக்கினால் நாலாவது நாள் தராசைக் கண்டதும் தானே ஏறி உட்காரும்.

பிறக்கும்போது சுமார் 100 கிராம். அதன் பிறகு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். ஒரு மாதத்தில் 400 கிராம் சுமார், இரண்டு மாதத்தில் 700 முதல் 900 வரை. நாட்டுப் பூனைகள் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் கவலையில்லை. தினமும் ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்குக் கீழும் பென்சிலால் 412, 425, 433 என்று எழுதியிருக்கும். ஒரு முறை 460, 461, 452 என்று வந்தது. குட்டி அப்போதும் பந்தை உருட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மருத்துவரிடம் கொண்டுபோனேன், வயிறு முழுக்கப் புழு. மறுநாள் வரை காத்திருந்தால் பேதி ஆரம்பித்திருக்கும்.

ஒரு நாள் எடை ஏறவில்லை என்றால் கவனியுங்கள். இரண்டாம் நாளும் ஏறவில்லை அல்லது குறைந்தது என்றால் கிளம்புங்கள்.

மணல் தட்டுக்குப் பழக்குவது எப்படி?

பழக்க வேண்டிய வேலையே பெரிதாக இல்லை. தோண்டி மூடுவது அதன் இயல்பு. விளிம்பு தாழ்வான தட்டில் இரண்டு விரல் உயரம் மணலோ மரத்தூளோ போட்டு, சாப்பிட்டதும் தூங்கி எழுந்ததும் அதில் கொண்டுபோய் விடுங்கள். நீர் பட்டதும் கட்டியாகிற களிமண் மணலை மூன்று நான்கு மாதம் வரை தவிர்க்கலாம். இந்த வயதுக் குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும், அது வயிற்றிலும் கட்டியாகும்.

தட்டுக்கு வெளியே அசுத்தம் செய்துவிட்டால் அடிக்காதீர்கள், மூக்கைக் கொண்டுபோய்த் தேய்க்காதீர்கள். தட்டு அழுக்காக இருக்கலாம், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம், அல்லது சிறுநீரில் தொந்தரவு இருக்கலாம். திரும்பத் திரும்பத் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால், குறிப்பாக ஆண் பூனைக்கு, அது அவசரம்.

தடுப்பூசி, பூச்சி மருந்து எப்போது?

பூச்சி மருந்து முதலில். தாய்ப்பால் வழியாகவே உருண்டைப்புழு குட்டிக்கு வந்துவிடும். அதனால் மூன்று வாரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், இரண்டு மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. அளவு எடையைப் பொறுத்தது. எனவே தராசில் பார்த்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில். அதன் பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் ஆகும் வரை. "ஒன்று போட்டாச்சு, போதும்" என்று நிறுத்திவிடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி முழுதாக வேலை செய்யாது. அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்கும் போட வேண்டும்.

இந்த ஊசிகள் தடுக்கும் நோய்களில் மோசமானது பான்லுகோபீனியா. குட்டி திடீரென்று சாப்பிடாது, வாந்தி எடுக்கும், தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருக்கும். பல குட்டிகள் இரண்டு மூன்று நாளில் போய்விடும். அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருடம் வரைகூட இருக்கும். அந்த நோயில் குட்டி இறந்த வீட்டில், தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவராதீர்கள்.

செலவு கவலையாக இருந்தால் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் உள்ள கல்லூரிகள், எல்லாவற்றிலும் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

உடம்பில் தெள்ளுப்பூச்சி ஓடுகிறது. நாய்க்கு வாங்கிய மருந்தைக் கொஞ்சம் தடவலாமா?

கூடவே கூடாது. நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது விஷம், வலிப்பு வந்து இறந்துவிடலாம். வேப்பெண்ணெய், கற்பூரத் தைலம், சீயக்காய் எதுவும் வேண்டாம், நக்கிவிடும். தெள்ளுச் சீப்பால் வாரி, வரும் பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஈறு வெளிறிப்போயிருந்தால் தெள்ளு அவ்வளவு ரத்தம் குடித்திருக்கிறது என்று பொருள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

முதலில் பூச்சரத்து நூல். சாமி படத்திலிருந்து கழற்றிய வாடிய மல்லிகைச் சரத்தைக் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். மறுநாள் எங்கள் கறுப்புக் குட்டி வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டே இருந்தது, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. மருத்துவர் அதன் நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் வெள்ளை நூல் ஒரு சுற்று மாட்டியிருக்க, மறுமுனை குடலுக்குள் போயிருந்தது. அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். குட்டி பிழைத்துக்கொண்டது. வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, குடல் கிழிந்துவிடும். தையல் நூல், மாஞ்சா நூல், பரிசுப் பொட்டல ரிப்பன் எல்லாம் இதே வகைதான். விளையாடிய கயிற்றையும் முடிந்ததும் அலமாரியில் வையுங்கள்.

அடுத்தது பாரசிட்டமால். காய்ச்சல் என்று நினைத்து ஒரு துண்டு கொடுத்தாலும் பூனை இறந்துவிடலாம். அந்துருண்டை, எலி விஷம், செங்காந்தள் கிழங்கு, லில்லிப் பூக்கள் எல்லாம் ஆபத்து. லில்லியின் மகரந்தம் ஒட்டிய முடியை நக்கினால்கூடச் சிறுநீரகம் போய்விடும். தரை துடைக்கும் ஃபினாயிலும் பூனைக்கு ஆகாது. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கும். வெறும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

வாஷிங் மெஷினைப் போடும் முன் உள்ளே பாருங்கள். காலையில் வண்டியைக் கிளப்பும் முன் இரண்டு தட்டு தட்டுங்கள். மாடி வீடு என்றால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அவசியம். பூனை எப்போதும் காலூன்றி விழும், அடிபடாது என்று நம்பி வலை போடாதவர்களிடமிருந்துதான் எனக்கு அதிகம் அழுகை ஃபோன் வருகிறது.

எந்த அறிகுறி இருந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது?

இரண்டு மாதத்துக்குக் கீழ் என்றால் அரை நாள் சாப்பிடாவிட்டாலே. அதற்கு மேல் என்றால் ஒரு நாள். திரும்பத் திரும்ப வாந்தி, ரத்தம் கலந்த பேதி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது, உடம்பு சில்லிடுவது எல்லாம் அவசரம்தான். குட்டி துவண்டு கிடந்தால் துணியில் சுற்றிச் சூடாக்கிக்கொண்டு, குளுக்கோஸ் தண்ணீரை விரலால் தொட்டு ஈறில் தடவியபடியே கிளம்புங்கள். வாயில் ஊற்றாதீர்கள்.

கண் பீளை கட்டி ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, உள் ஓரத்திலிருந்து வெளியே துடைக்கலாம். ஆனால் தும்மலும் சேர்ந்திருந்தால் பூனைச் சளி நோய். கண்ணுக்கு மருந்து போடாமல் விட்டால் பார்வை போகலாம்.

குட்டி கீறிவிட்டது, கடித்துவிட்டது. ஊசி போட வேண்டுமா?

ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். தெருவிலிருந்து வந்த குட்டி என்றால் "சின்னதுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். பூனையை விட்டுவிடச் சொல்கிறார்கள்.

விட வேண்டியதில்லை. பயப்படுவது, வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்கு. தொற்றிய பூனை ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை மலத்தில் அதை வெளியேற்றும். வெளியேறிய கிருமி தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். எனவே மணல் தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும். பச்சைக் கறியைப் பூனைக்குப் போடாதீர்கள். வேகாத கறியும் கழுவாத கீரையும்கூட இதே கிருமியைக் கொண்டுவரும், அதையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஏற்கனவே ஒரு பூனை இருக்கிறது. சீறுகிறதே?

சீறட்டும், அதன் வீடு அது. இரண்டு வாரம் தனித்தனி அறை. நோய் பரவாமல் இருக்கவும் இது வேண்டும். ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதன் அறையில் போட்டு வாசனை பழக்குங்கள். மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். முதல் சந்திப்பு ஐந்து நிமிடம் போதும்.

கருத்தடை எப்போது செய்யலாம்?

நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள். "ஒரு முறை குட்டி போடட்டும்" என்று காத்திருப்பதால் அதன் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. பெண் பூனை நாலரை ஐந்து மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும், ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். நம் ஊரில் வருடம் முழுவதும் சினைக்கு வரும். ராத்திரியில் தரையில் உருண்டு, வயிற்றை அமுக்கிப் பின்பக்கத்தைத் தூக்கி விதவிதமாகக் கத்தினால் வலி என்று நினைக்காதீர்கள், அது சினைக் கத்தல். அன்றிலிருந்து ஜன்னலை மூடி வைத்துவிட்டு, மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பூனைகளைப் போல ராத்திரி முழுக்கக் குட்டியைப் பட்டினி போடக் கூடாது.